6. ஊலாங்: நல்ல தண்ணி, ஒரே அளவு, இரண்டு கோப்பை

சேலம், நாமக்கல் பக்கத்தில் டீ என்றாலே பால்தான். பாய்லருக்குப் பக்கத்தில் கொதிக்கிற பாலும், துணிப்பையில் ஊறுகிற டஸ்ட் டிகாஷனும், மாஸ்டர் கையை உயர்த்தி ஆற்றுகிற நுரையும் சேர்ந்து வந்தால்தான் நமக்கு டீ குடித்த மாதிரி இருக்கும். அந்த நாக்கோடு போய் முதல்முதலாக ஒரு பச்சை ஊலாங்கைக் குடிக்கிறவர் அநேகமாகச் சொல்வது ஒரே வார்த்தை: "வெந்நீர்." அத்தோடு பாக்கெட் சமையலறை மேல்தட்டுக்குப் போய்விடும்.

தேயிலைப் புத்தகங்கள் பொதுவாகப் பச்சை ஊலாங்கில் தொடங்கி, கறுத்ததில் கொண்டுவந்து முடிக்கும். நம் ஊர் வாசகருக்கு நான் சொல்லும் வழி தலைகீழானது. நன்றாக வறுத்ததில் தொடங்குங்கள். டிகாஷனும் டஸ்ட் டீயும் பழக்கிய நாக்குக்கு வறுவல் வாசம் தெரிந்த வாசம். கனம் இருப்பதால் பால் இல்லாத குறை உடனே உறுத்தாது. அதிலிருந்து படிப்படியாக இறங்கி, கடைசியில் பூ வாசம் மட்டுமே மிஞ்சுகிற பச்சைக்கு வாருங்கள். அதற்குள் நாக்கு பழகியிருக்கும். 'வெந்நீர்' என்று ஒதுக்கியதில் எத்தனை இருக்கிறது என்று அப்போது தெரியும்.

இலைக்கு என்ன நடக்கிறது

பச்சைத் தேநீர், ஊலாங், கறுப்புத் தேநீர் எல்லாமே ஒரே செடி. பறித்த இலையை உடனே சூடாக்கி உள்ளே இருக்கும் நொதியை அடக்கிவிட்டால் அது பச்சைத் தேநீர். இலையைக் கசக்கி, காற்றுப்பட விட்டு முழுக்கச் சிவக்கவைத்தால் கறுப்புத் தேநீர். ஊலாங் இரண்டுக்கும் நடுவில் நிறுத்தப்படுவது. நடு என்றால் சரிபாதி இல்லை. பத்து சதவீதம் சிவந்ததும் ஊலாங், எழுபது சதவீதம் சிவந்ததும் ஊலாங்.

பறித்த இலையை முதலில் வெயிலில் கொஞ்சம் வாட்டுவார்கள். பிறகு நிழலில் மூங்கில் தட்டுகளில் பரப்பி, அவ்வப்போது குலுக்கிப் புரட்டுவார்கள். குலுக்கும்போது இலைகள் ஒன்றோடொன்று உரசி, ஓரம் மட்டும் நசுங்கும். நசுங்கிய ஓரத்தில் காற்றுப் பட்டுச் சிவப்பு ஏறும். நடு இலை பச்சையாகவே நிற்கும். குலுக்கு, ஆறவிடு, மறுபடி குலுக்கு என்று பல மணி நேரம் போகும் வேலை இது. மணம் திரும்புகிற நேரத்தை மூக்கால் கண்டுபிடித்து, அங்கே சூடான சட்டியில் போட்டு நிறுத்துவது தயாரிப்பவரின் கைப்பக்குவம். அதற்குப் பிறகு சுருட்டல். சீனாவின் ஆன்ஷியிலும் தைவானிலும் துணியில் கட்டி உருட்டி உருண்டையாக்குவார்கள். வூயி மலையிலும் ஃபீனிக்ஸ் மலையிலும் நீள முறுக்காக விடுவார்கள். கடைசியில் உலர்த்தல், சிலவற்றுக்கு அதன்மேல் கரியிலோ மின்அடுப்பிலோ வறுவல்.

இங்கே மனதில் வைக்கவேண்டிய விஷயம்: சிவப்பு ஒரு கணக்கு, வறுவல் வேறொரு கணக்கு. கடைக்காரர்கள் இரண்டையும் சேர்த்து 'டார்க் ஊலாங்' என்று ஒரே பெயரில் விற்கிறார்கள். தைவானின் 'ஓரியண்டல் பியூட்டி' நன்றாகச் சிவந்தது, ஆனால் வறுவல் அநேகமாக இல்லை. தேன், பழுத்த பழம் பக்கம் போகும். ஆன்ஷியின் வறுத்த தியே குவான் யின் அந்த அளவு சிவந்ததில்லை, ஆனால் தீ நிறையப் பட்டது. பொரிகடலை, கருகின வெல்லம் பக்கம் போகும். கோப்பையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நிறம் காட்டும். இந்த இரண்டு கணக்கையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் ஊலாங்கை ஒப்பிடுவதில் பாதி வேலை முடிந்தது.

எதை வாங்குவது

பக்கத்து மலையிலிருந்து தொடங்கலாம். ஏற்காட்டை இதில் சேர்க்கமுடியாது. சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820-களில் காபிக் கன்று கொண்டுவந்து வைத்த நாளிலிருந்து அது காபி மலை. கொல்லிமலையிலும் மிளகும் காபியும்தான். நமக்குத் தேயிலை மலை நீலகிரி.

நீலகிரியில் சீன ரகச் செடிகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டன. தாய்சோலை எஸ்டேட்டில் 1859 வாக்கில் சீனப் போர்க்கைதிகளை வைத்துத் தேயிலை போட்டார்கள் என்று அங்கே இன்றும் சொல்வார்கள். ஆனாலும் இப்போது அந்த மலையில் பறிக்கும் கொழுந்தில் பெரும்பகுதி சி.டி.சி. இயந்திரத்துக்குப் போய், தூளாகவும் டஸ்டாகவும் நம் டீக்கடைக்கு வந்துசேர்கிறது. முழு இலையாக, கையால் பறித்து, ஊலாங்காகச் செய்வது சில எஸ்டேட்களில், கொஞ்சமாக. குன்னூர், கோத்தகிரி பக்கம் போகிறவர்கள் எஸ்டேட்டின் சொந்தக் கடையில் கேட்டு வாங்குவது நல்லது. கேட்கும்போது இரண்டு கேள்வி போதும்: எந்த மாதம் பறித்தது, வறுத்ததா வறுக்காததா? பதில் வராத கடையில் நான் ஊலாங் வாங்குவதில்லை.

மாதத்தைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நீலகிரியில் இரவுப் பனி விழும். செடி மெதுவாக வளரும். அந்த மெதுவான வளர்ச்சியில் இலையில் மணம் கூடும். இந்தக் குளிர்காலத் தேயிலைக்குத்தான் மதிப்பு. 2006 நவம்பரில் லாஸ் வேகாஸில் நடந்த ஏலத்தில் நீலகிரித் தேயிலை ஒன்று கிலோ 600 டாலருக்குப் போனது. மழைக்காலத்து இலை மலிவாகக் கிடைக்கும். அதைப் பால் டீக்கு விட்டுவிடுங்கள்.

டார்ஜிலிங்கிலும் கோபால்தாரா போன்ற தோட்டங்கள் ஊலாங் செய்கின்றன. நீலகிரி ஊலாங்கையும் டார்ஜிலிங் ஊலாங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடிப்பது இந்தியாவுக்குள்ளேயே செய்யக்கூடிய நல்ல ஒப்பீடு. டார்ஜிலிங்கில் முனைப்பு அதிகம், நாக்கின் ஓரத்தைக் கொஞ்சம் பிடிக்கும். நீலகிரி வழவழப்பாக இறங்கும்.

சீன, தைவான் சரக்குக்கு விலை கூடுதல்தான். இறக்குமதித் தேயிலைக்கு இங்கே 100 சதவீதம் அடிப்படைச் சுங்கவரி. அதனால் பெரிய பாக்கெட் வேண்டாம். 25 கிராம் பாக்கெட்டாக நாலு வகை வாங்குவது, ஒரே வகையில் 100 கிராம் வாங்குவதைவிட உங்களுக்கு அதிகம் கற்றுத்தரும். சிங்கப்பூரில் சொந்தக்காரர் இருந்தால் வேலை இன்னும் சுலபம். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்கு எப்படியும் போவார்கள். ஜாமியா பள்ளிவாசலை ஒட்டிப் போகும் மாஸ்க் ஸ்ட்ரீட்டில் 1925-இல் தொடங்கிய பெக் சின் சூன் என்ற தேயிலைக் கடை இருக்கிறது. அங்குள்ள சீனர்கள் பாக் குட் தே என்ற பன்றி எலும்புச் சூப்போடு குடிக்கும் வறுத்த ஊலாங் கலவைகள் அங்கே கிடைக்கும். கொழுப்பான சாப்பாட்டுக்கென்று கலந்தவை அவை. நம் ஊர்க் கறிச்சோற்றுக்கும் பொருந்துகின்றன.

இரண்டு எச்சரிக்கை. 'மில்க் ஊலாங்' என்று விற்பதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று தைவானின் ஜின் ஷுவான் ரகம், 1981-இல் வெளியிட்டது. இலையிலேயே மெல்லிய பால்வாசம் இருக்கும், பாலாடை வாசம் என்றுகூடச் சொல்லலாம். மற்றது ஏதோ ஓர் ஊலாங்கில் எசென்ஸ் தெளித்தது. பாக்கெட்டைப் பிரித்ததும் மிட்டாய்க்கடை வாசம் அறையையே நிறைத்தால் அது எசென்ஸ். அடுத்தது 'தா ஹோங் பாவ்'. வூயி மலைப் பாறைச் சரிவில் நிற்கும் புகழ்பெற்ற ஆறு தாய்ச்செடிகளில் கடைசியாகப் பறித்தது 2005-இல். உங்களிடம் விற்கிறவர் அந்தச் செடியின் கதையைச் சொன்னால் கதையை மட்டும் இலவசமாக வாங்கிக்கொள்ளுங்கள். பாக்கெட்டுக்குள் இருப்பது பின்னால் வந்த கன்றுகளின் இலை, அல்லது பல வூயி இலைகளின் கலவை. அதிலும் நல்லது உண்டு. விலை மட்டும் நியாயமாக இருக்கட்டும்.

தண்ணீர்

நம் சமவெளியில் ஊலாங்கைக் கெடுப்பதில் முதல் ஆள் தண்ணீர். இலைக்குச் செலவழிக்கும் முன்னால் இதைச் சரிசெய்யுங்கள்.

வீட்டில் நல்ல தண்ணி ஒரு குழாய், உப்புத் தண்ணி ஒரு குழாய் என்று இரண்டு இருப்பது நமக்குப் பழக்கம். நல்ல தண்ணி என்பது மேட்டூரிலிருந்து வருகிற காவிரி. உப்புத் தண்ணி போர். சேலத்தில் மேக்னசைட் ஜங்ஷன் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் வைக்கும் அளவுக்கு வெள்ளைக்கல் கிடக்கும் மண் இது. அந்தப் பக்கத்துப் போர்த் தண்ணீரில் மெக்னீசியம் சேர்ந்து கடினம் ஏறியிருக்கும். நாமக்கல் மேட்டுப் பகுதிகளிலும் போர்த் தண்ணீர் பல இடங்களில் அப்படித்தான். மோகனூர், பரமத்தி வேலூர் கரையோரக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

கடினத் தண்ணீரில் ஊலாங் போட்டால் என்ன ஆகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரே ஊலாங்கை ஒரு கோப்பையில் நல்ல தண்ணியிலும், இன்னொன்றில் உப்புத் தண்ணியிலும் போட்டு ஐந்து நிமிஷம் வையுங்கள். நல்ல தண்ணியில் போட்டது தெளிந்த மஞ்சளாக, அடியில் கிடக்கிற இலை நரம்பு தெரிகிற மாதிரி நிற்கும். உப்புத் தண்ணியில் போட்டது மங்கலாகச் சிவந்து, மேலே மினுமினுப்பாக ஓர் ஏடு கட்டும். கரண்டியால் தொட்டால் அந்த ஏடு துண்டு துண்டாக விலகும். தண்ணீரிலுள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் தேயிலையின் சத்தோடு சேர்ந்து செய்கிற வேலை அது. மணம் அந்தக் கோப்பையில் பாதிகூட இருக்காது. பால் டீயில் இது தெரியாமல் போய்விடும், பாலும் சர்க்கரையும் மூடிவிடும். ஊலாங்கில் மூட ஒன்றுமில்லை.

அப்படியென்றால் ஆர்.ஓ. தண்ணீர்தானே என்று கேட்பீர்கள். ஆர்.ஓ.வில் எல்லாவற்றையும் உருவி எடுத்த தண்ணீர் தேநீரைச் சப்பென்று ஆக்கும். இருபது லிட்டர் கேன் தண்ணீரும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நான் செய்வது கலவை: ஆர்.ஓ. மூன்று பங்கு, காவிரித் தண்ணி ஒரு பங்கு. டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் நூறை ஒட்டி வருகிற மாதிரி கலந்துகொள்ளுங்கள். நல்ல குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால், இரவு திறந்த பாத்திரத்தில் பிடித்துவைத்துக் காலையில் எடுங்கள். எந்தத் தண்ணீர் எடுத்தாலும் ஒப்பிடுகிற இரண்டு கோப்பைக்கும் ஒரே குடத்துத் தண்ணீராக இருக்கவேண்டும். இது மட்டும் மாறக்கூடாது.

கொதிநிலையிலும் சின்ன வித்தியாசம் உண்டு. சேலம் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்கும் குறைந்த உயரம். தண்ணீர் 99 டிகிரியில் கொதிக்கும். ஏற்காட்டில் 95-ஐ ஒட்டியே கொதித்துவிடும், குன்னூரில் அதற்கும் ஒரு டிகிரி கீழே. எஸ்டேட் கடையில் குடித்துப் பார்த்து மென்மையாக இருக்கிறது என்று வாங்கிவந்தது வீட்டில் கசக்கிறதென்றால் கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று நினைக்கவேண்டாம். கெட்டிலை அணைத்து, ஒரு நிமிஷம் விட்டு ஊற்றிப்பாருங்கள்.

தராசும் பாத்திரமும்

கரண்டிக் கணக்கு ஊலாங்குக்கு உதவாது. உருண்டையாகச் சுருட்டியது ஒரு கரண்டியில் அடங்கி எடை நிற்கும். வூயி இலையோ நீளமாகக் கிடந்து கரண்டியில் பாதி காற்றாக இருக்கும். கரண்டியால் அளந்து இரண்டையும் ஒப்பிட்டால் நீங்கள் ஒப்பிடுவது இலையை அல்ல, அளவை. ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும். சேலத்துக்காரர்களுக்கு இது கஷ்டமே இல்லை. கொலுசு வேலை நடக்கிற செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளி நிறுக்கிற சின்னத் தராசு சுலபமாகக் கிடைக்கும். பத்தில் ஒரு கிராம் காட்டினால் போதும்.

பாத்திரத்தில் எவர்சில்வரைத் தவிருங்கள். உருக்காலை வைத்திருக்கிற ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லத் தயக்கம்தான். ஆனால் டம்ளர் உதட்டைச் சுடுகிறது. சுடுகிற உதட்டுக்கு ருசி தெரியாது. நிறமும் அதில் தெரியாது. உள்ளே வெள்ளையாக, ஒரே அளவில் இரண்டு பீங்கான் கோப்பை, மூட இரண்டு சாஸர், வடிகட்டி, வடித்து ஊற்ற மறுபடி இரண்டு கோப்பை. சீனர்களின் மூடிக் கோப்பை கைவான் இல்லாமலே இத்தனையும் செய்யலாம். பழகிய பிறகு ஆசைப்பட்டால் வாங்கிக்கொள்ளுங்கள். களிமண் கெட்டில் மட்டும் ஒப்பீட்டுக்கு வேண்டாம். அது முன்பு போட்ட தேநீரின் வாசத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

ஒப்பிடும் முறை

தேயிலை ருசி பார்க்கிற தொழில்காரர்களுக்கு ஐ.எஸ்.ஓ. 3103 என்று ஒரு நெறி இருக்கிறது. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை, கொதிக்கிற தண்ணீர், 6 நிமிஷம். குறை கண்டுபிடிக்கிறதற்கென்று வைத்த முறை அது. ஆறு நிமிஷத்தில் எந்த இலையும் தன் கசப்பை ஒளிக்கமுடியாது. வீட்டில் ருசிக்காக ஒப்பிடுகிறவர்கள் அளவை அப்படியே வைத்து நேரத்தைப் பாதியாக்கலாம். 150 மில்லி கோப்பைக்கு 3 கிராம், 3 நிமிஷம்.

முதலில் இரண்டு கோப்பையையும் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டுங்கள். சூடான வெறும் கோப்பையில் இலையைப் போட்டு, சாஸரால் மூடி, அரை நிமிஷம் கழித்துத் திறந்து முகருங்கள். தண்ணீர் படாத இலை அந்த வெப்பத்தில் தரும் வாசம் பிறகு திரும்ப வராது. அப்புறம் தண்ணீர் ஊற்றி, மூடி, நேரம் பாருங்கள். வடித்ததும் தேநீரைத் தொடுவதற்கு முன்னால் சாஸரின் அடிப்பக்கத்தை முகருங்கள். ஊலாங்கின் மணம் அதிகம் தங்குமிடம் அந்த மூடிதான். சூடாக இருக்கும்போது ஒரு வாசம், ஆறினபின் வேறொரு வாசம். வறுத்த ஊலாங்கில் முதலில் கருகல் வரும், ஆறியபின் அடியிலிருந்து இனிப்பு வரும்.

குடிப்பதில் நம் பழக்கங்களில் இரண்டை ஒதுக்கிவைக்கவேண்டும். ஒன்று, ஆற்றுவது. உயரத் தூக்கி ஆற்றினால் சூட்டோடு மணமும் போய்விடும். அப்படியே வைத்து ஆறவிடுங்கள். மற்றது, எச்சில்படாமல் அண்ணாந்து குடிப்பது. வாசம் மூக்குக்குப் போகாமல் நேரே தொண்டைக்குள் இறங்கிவிடும். கோப்பையில் வாய்வைத்து, காற்றோடு சேர்த்துச் சத்தமாக உறிஞ்சவேண்டும். ருசி பார்ப்பதே தொழிலாக இருக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் உறிஞ்சுவார்கள். வீட்டில் பெரியவர்கள் முறைத்தால் முறைக்கட்டும்.

பிறகு சொல். எழுதிவைக்கும்போது அயல்நாட்டு அட்டவணையைப் பார்த்து 'ஆர்க்கிட்', 'பீச்' என்று எழுதாதீர்கள்; நீங்கள் முகர்ந்திராத பூவின் பெயர் உங்களுக்கு எதையும் ஞாபகப்படுத்தாது. மாம்பழ மண்டியில் காம்பை முகர்ந்தே மல்கோவாவா இமாம்பசந்தா என்று சொல்லிவிடுகிற மூக்குதான் இங்கேயும் வேலை செய்யவேண்டியது. ராசிபுரத்தில் நெய் உருக்கிப் பழகிய என் அத்தைக்கு ஒருமுறை பச்சைத் தியே குவான் யின்னையும் வறுத்ததையும் பெயர் சொல்லாமல் கொடுத்தேன். மாற்றி மாற்றி உறிஞ்சிவிட்டு, "கண்ணு, மொதல்லது மல்லிப்பூவுங்கூட கொஞ்சம் பச்சப்பயறு. இது இருக்குதே, நெய் எறக்கறப்ப முருங்கைக்கீரை போட்டதும் ஒரு வாசம் வருமில்ல, அது" என்றார். அதைவிடத் துல்லியமான குறிப்பை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

கோப்பைக்கு அடியில் பென்சிலால் குறியிட்டு, வேறொருவரை இடம் மாற்றி வைக்கச்சொல்லுங்கள். விலை தெரிந்தால் நாக்கு விலைக்கு ஜால்ரா தட்டும். நடுவில் வாயைச் சுத்தம்பண்ண வெறும் பொரி நல்லது. தட்டுவடை செட்டை ருசி பார்த்து முடித்தபின் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பூண்டுச் சட்னிக்கு முன்னால் எந்த மலைத் தேயிலையும் நிற்காது.

குடித்து முடித்ததும் இலையை விரித்துப் பாருங்கள். மிளகளவு உருண்டையாக இருந்தது முழு இலையாக, காம்போடு விரிந்து கிடக்கும். ஓரத்தில் சிவப்பும் நடுவில் பச்சையும் தெரிந்தால் குலுக்கல் ஒழுங்காக நடந்திருக்கிறது. துண்டும் தூளுமாகக் கிடந்தால் உங்களுக்குக் கொடுத்தது அடிச்சரக்கு.

எந்த ஜோடி

ஒரே நேரத்தில் ஐந்தாறு வகையை வரிசையாக வைப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். நாக்கு மூன்றாவதில் களைத்துவிடும். இரண்டிரண்டாகப் போங்கள், இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வித்தியாசம் இருக்கட்டும்.

முதல் ஜோடி, வறுத்த தைவான் டோங் டிங்கும் ஒரு வூயி ஊலாங்கும். ரூ குய்யோ ஷுய் ஷியனோ எதுவானாலும் சரி. இரண்டிலும் தீ உண்டு. டோங் டிங் உருண்டை. இனிப்பாக, மெத்தென்று முடியும். வூயி முறுக்கு இலை; வறுவலுக்கு அடியில் நனைந்த கல்லின் வாசம் ஒன்று வரும், கோடைமழை முதல் துளிகள் பாறையில் விழும்போது எழுமே, அது. காபிக்காரர்கள் பெரும்பாலும் வூயியிடம் மயங்கிவிடுகிறார்கள்.

இரண்டாவது, அத்தைக்குக் கொடுத்த அதே ஜோடி. ஒரே ஊர், ஒரே ரகம், தீ மட்டும் வேறு. வறுவல் என்ன சேர்க்கிறது, என்ன எடுத்துவிடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: ஓரியண்டல் பியூட்டியும் டார்ஜிலிங் இரண்டாம் பறிப்பும். இரண்டாவது ஊலாங்கே இல்லை, கறுப்புத் தேநீர் என்று விற்பது. ஆனாலும் இரண்டுக்கும் ஒரு பூச்சி உறவு இருக்கிறது. தைவானின் ஷின்ச்சு பக்கத்தில் கோடையில் பச்சைத் தத்துப்பூச்சி வந்து கொழுந்தைக் கடித்து உறிஞ்சும். கடிபட்ட செடி தற்காப்புக்காக உண்டாக்கும் பொருள்கள்தான் அந்தத் தேன் வாசத்துக்கு ஆதாரம். அதனால் அங்கே பூச்சிமருந்து அடிக்கமாட்டார்கள். பூச்சி வரவில்லையென்றால் தேநீரும் இல்லை. டார்ஜிலிங்கின் திராட்சை வாசத்திலும் அதே குடும்பத்துப் பூச்சிக்குப் பங்கு உண்டு. பக்கத்தில் பக்கத்தில் குடித்தால் உறவு புரியும்.

கடைசியாகப் பச்சைக்கு வாருங்கள்: தைவானின் உயர்மலை ஊலாங், அலிஷானோ லிஷானோ, கூடவே குளிர்காலத்து நீலகிரி வறுக்காத ஊலாங். ஆயிரம் மீட்டருக்கு மேல் விளைந்தால்தான் தைவானில் உயர்மலை என்பார்கள். குன்னூரே 1,800 மீட்டரைத் தாண்டிவிடும். உயரத்தில் நாம் குறைவில்லை. தைவான் கோப்பையில் பூவும் வெண்ணெயும் முன்னால் நிற்கும், நீலகிரியில் எலுமிச்சை இலைக்கும் பச்சை மாங்காய்த் தோலுக்கும் நடுவில் ஒரு கூர்மை. நாக்கில் நீளும் வழவழப்பில் தைவான் இன்னும் ஒரு படி மேலே என்பதுதான் என் கணிப்பு. ஆனால் விலையைச் சொன்ன பிறகு நம் வீட்டில் ஓட்டு நீலகிரிக்கே விழுகிறது.

பிடித்துப்போன வகையைச் சும்மா குடிக்க வேறு அளவு: 100 மில்லிக்கு 5 கிராம், கொதிநீர், இருபது முப்பது வினாடி, வடித்துக் குடித்துவிட்டு அதே இலையில் மறுபடி ஊற்றலாம். ஐந்தாறு தடவை தாங்காத ஊலாங் நல்ல ஊலாங் இல்லை. தடவைக்குத் தடவை பத்து வினாடி கூட்டிக்கொண்டே போங்கள்.

வெயில் காலமும் டப்பாவும்

சித்திரை, வைகாசியில் நாற்பது டிகிரி வெயிலில் சுடச்சுட உறிஞ்ச யாருக்கும் மனசு வராது. அந்த மாதங்களுக்குக் குளிர் ஊறல். அரை லிட்டர் கலவைத் தண்ணீரில் 5 கிராம் பச்சை ஊலாங்கைப் போட்டு, மூடி, ஃபிரிட்ஜில் இரவு முழுக்க வையுங்கள். கசப்பு இறங்காது; பூவும் இனிப்பும் மட்டும் இறங்கும். தைவானின் பாவ்சோங், ஜின் ஷுவான் இரண்டும் இதற்கு அருமை. வறுத்தது இதில் சோபிக்காது. ஊறவைத்ததை அன்றைக்கே குடித்து முடித்துவிடுங்கள், இலையை வடிகட்டிய பிறகும் மறுநாளுக்கு வைக்கவேண்டாம்.

நம் வெயில் இலையையும் விடாது. பச்சை ஊலாங் பாக்கெட்டைப் பிரிக்காதவரை ஃபிரிட்ஜில் வைக்கலாம். வெளியே எடுத்தால் அறைச்சூட்டுக்கு வந்தபிறகுதான் பிரிக்கவேண்டும், இல்லாவிட்டால் வியர்த்து ஈரம் ஏறிவிடும். பிரித்ததை மாதம் இரண்டுக்குள் முடியுங்கள். வறுத்தது பொறுமைசாலி; காற்றுப்புகாத தகர டப்பாவில் வருஷக்கணக்கில் இருக்கும். இரண்டையுமே பெருங்காய டப்பாவுக்கும் சாம்பிராணிக்கும் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள். தேயிலை பக்கத்து வாசத்தை உறிஞ்சிக்கொள்ளும் பொருள்.

உடம்பு விஷயத்தில் சுருக்கமாக. ஊலாங் கொழுப்பைக் கரைக்கும், இடுப்பைக் குறைக்கும் என்று பாக்கெட்டில் போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். காஃபீன் இதிலும் உண்டு. தூக்கம் வராதவர்கள் நாலு மணிக்கு மேல் தொடவேண்டாம். ரத்தசோகை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கக்கூடாது, உணவிலிருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தேநீர் தடுக்கும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் போகட்டும். பால், சர்க்கரை? வறுத்ததில் ஒரு துண்டு நாட்டுச்சர்க்கரை போட்டுக் குடிப்பவர்களை நான் தடுத்ததில்லை. ஒப்பிடும்போது மட்டும் இரண்டு கோப்பையிலும் போடவேண்டாம்.